வெள்ளிக்கிழமைக் காசு: வெள்ளவத்தை அறையொன்றில் மாணவர் குடி – ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பில் இருபது வருடங்களுக்கு மேலாக உளவளத்துணை செய்து வருகிறேன். கம்பஸ் பிள்ளைகள் குடியைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருவது குறைவு. நித்திரை வரவில்லை, படிப்பு ஏறவில்லை, காதல் முறிந்துவிட்டது என்று வருவார்கள். மூன்றாம் நாலாம் அமர்வில்தான் போத்தல் கதைக்குள் தலைகாட்டும். இந்தப் பிள்ளை அப்படி வரவில்லை. கதிரையில் அமர்ந்ததுமே, "மிஸ், எங்க அப்பா என்னைய மோந்து பாத்துட்டாரு" என்றான்.

அவனுடைய சம்மதத்துடனும் அவனோடு அறையில் இருந்த நால்வரின் சம்மதத்துடனும் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் வேண்டாம். அமர்வுகளில் நான் கூப்பிட்டது போலவே இங்கும் அவன் 'தம்பி'யாகவே இருக்கட்டும்.

வந்த காரணம்

தம்பிக்கு வயது 22. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்கும் தோட்டத்தில்தான் வேலை. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட முதல் ஆள் இவன். இரண்டாம் வருடம் படிக்கும்போது என்னிடம் வந்தான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மேல்மாடி அறை. ஐந்து பேர்: யாழ்ப்பாணத்தார் இருவர், வவுனியாவிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், தம்பி.

அப்பாவுக்குக் கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலையில் கிளினிக். பதுளையிலிருந்து வரும் இரவுத் தபால் ரயிலில் ஏறி விடியற்காலை கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினார். கூட்டிப்போகத் தம்பி போயிருந்தான். முதல் நாள் இரவு பெட்ச்காரன் ஒருவனின் பிறந்தநாள். குளித்து, பல் தீட்டி, ஏலக்காய் மென்றுவிட்டுத்தான் போனான். அப்பாவின் பையை வாங்கக் கிட்டப் போனபோது அவர் ஒரு கணம் அப்படியே நின்றார்.

"பியரா, சாராயமா?"

"பியர்தான்பா."

"ரெண்டும் ஒண்ணுதான்டா."

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ வாங்கி, தன் கையால் சீனியைக் கலக்கி மகனிடம் நீட்டினார். கிளினிக் வரிசையில் மூன்று மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பின்னேரம் ரயிலேற்றிவிடும்போது, "அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். இதைச் சொல்லும்போதுதான் தம்பி அழுதான். அப்பா ஏசியிருந்தால் என்னிடம் வந்திருக்கமாட்டேன் என்றான்.

முதல் மதிப்பீடு, என் முதல் தவறு

குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய, ஓடிட் என்று நாங்கள் சொல்லும் பத்துக் கேள்விப் படிவத்தைப் போட்டேன். மொத்தம் 40 புள்ளி. எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்கவேண்டிய குடி, 16 முதல் 19 வரை உளவளத்துணையும் தொடர்ந்த கண்காணிப்பும் தேவை, 20 அல்லது அதற்கு மேல் என்றால் விசேட மருத்துவ மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டும். தம்பிக்கு 16.

மொத்தத்தைக் காட்டிலும் அந்தப் புள்ளிகள் எந்தக் கேள்விகளில் விழுந்திருந்தன என்பதுதான் முக்கியம். எவ்வளவு, எத்தனை நாள், ஒரே இருப்பில் எத்தனை என்ற கேள்விகளில் மட்டும் ஒன்பது. குடித்தபிறகு குற்ற உணர்வு வருகிறதா என்ற கேள்வியில் மூன்று. காலையில் எழும்பியதும் குடிக்கத் தேவைப்படுகிறதா என்பதில் பூச்சியம். தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா என்பதில் ஒன்று. செமஸ்டர் விடுமுறைக்கு ஐந்து கிழமை ஊருக்குப் போய் நின்றபோது ஒரு சொட்டும் குடிக்கவில்லை. கை நடுங்கவில்லை, வியர்க்கவில்லை, ஆசையும் வரவில்லை. "எனக்கு அங்க ஞாபகமே வராது மிஸ். ஆனா அந்த ரூமுக்குள்ள வந்தா கை தானா நீளும்."

இதைக் கேட்ட பிறகும் நான் பிழையான பக்கம் பார்த்தேன். சம்பள நாளில் குடிக்கும் தகப்பன், லயம், பயந்த தாய் என்ற படத்தைக் கண்டதும் பரம்பரைக் கதையாக என் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, குடிநோய்க்கான சாய்வில் ஏறத்தாழப் பாதி பரம்பரை வழி வருவது. ஆகவே அது பொருட்படுத்தவேண்டிய விடயம்தான். ஆனால் இரண்டு அமர்வுகளை அப்பாவைப் பற்றியே பேசிக் கழித்தேன். மூன்றாவதில் தம்பிதான் என்னைத் திருத்தினான்: "மிஸ், அப்பா குடிச்சதாலதான் நான் இருபது வயசு வரைக்கும் தொடல." அவன் சொன்னது சரி. மலையகத்துப் பிள்ளை என்றதும் தோட்டத்துச் சாராயத்தை நினைத்தது யாழ்ப்பாணத்துக்காரியான என் மனதில் கிடந்த பழைய பாரபட்சம். அதை இங்கே எழுதி வைக்கவேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அறைக்குள்ளும் இதே பாரபட்சம் வேறு உருவில் வேலை செய்தது.

முதல் கிளாஸ்

கம்பஸில் முதல் மாதங்கள் பகிடிவதை (ராகிங்) காலம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கி இத்தனை வருடமாகியும் அது ஓயவில்லை. தம்பிக்கு அடி விழவில்லை. பேச்சுத்தான் அடி. "இருக்கேன்", "சொல்றாங்க" என்று அவன் பேசும் விதத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்துச் சிரிப்பார்கள். நுவரெலியா மாவட்டத்திலிருந்து வந்தவன் என்பதால் "கோட்டாவில வந்த பெடியன்". பல்கலைக்கழக அனுமதியில் ஐந்து வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் தம்பி அந்த ஐந்து வீதத்தில் வந்தானா என்று எவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை பகிடிவதை 'முடிந்தது'. தெஹிவளைப் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கெட் டுகெதர். பத்துக் கிழமையாகக் கத்திய அதே சீனியர் அண்ணா தம்பியின் தோளில் கைபோட்டு, பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கையில் திணித்து, "இனி நீ எங்கட ஆள்" என்றார். தம்பிக்கு அப்போது 20 வயது. 2006ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுசாரம் விற்க முடியாது. ஆனால் அந்த மொட்டைமாடியில் கடைக்காரன் யாரும் இல்லையே.

அந்தக் கப்பின் ருசி எப்படி இருந்தது என்று கேட்டேன். கசப்பு என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "அழுகை வந்துச்சு மிஸ். சந்தோசத்துல." அவமானத்துக்குப் பிறகு கொடுக்கப்படும் கிளாஸ் மன்னிப்புப் போல இறங்கும். யார் யாரை மன்னிக்கவேண்டும் என்பது அங்கே தலைகீழாகிவிடுகிறது. பகிடிவதைக்கு எதிராக முறைப்பாடு செய்யும் பிள்ளைகள் அடியைச் சொல்வார்கள், ஏச்சைச் சொல்வார்கள். கடைசியில் கிடைத்த அந்தக் கப்பை ஒருவரும் முறைப்பாட்டில் எழுதுவதில்லை. என் அனுபவத்தில், நெடுநாள் உள்ளே தங்கிவிடுவது அந்தக் கப்தான்.

வெள்ளிக்கிழமை

அறையில் வெள்ளிக்கிழமை தோறும் காசு சேர்ப்பார்கள். ஆளுக்கு 2,000 ரூபா. பத்தாயிரம் சேர்ந்ததும் ஒருவர் காலி வீதிக்கு ஏறிப்போய் வைன் ஸ்டோரில் ஸ்ட்ரோங் பியரும் ஒரு போத்தல் சாராயமும் வாங்குவார். இன்னொருவர் கொத்துரொட்டிப் பார்சலும் பைட்ஸுக்குக் கடலையும் கட்டி வருவார். போயா (பௌர்ணமி) தினத்தில் மதுபானக் கடைகள் பூட்டு. அதனால் போயாவுக்கு முதல் நாள் காசு இரட்டிப்பாகும். இரண்டு நாளுக்கென்று வாங்கியது பெரும்பாலும் ஒரே இரவில் முடிந்துவிடும்.

தம்பிக்கு ஒரு மாதத்தில் இதற்குப் போனது 8,000 ரூபா. அவனுக்கு அப்போது கிடைத்த மஹாபொல உதவித்தொகையைவிட அதிகம். குடிக்க விருப்பமில்லாத கிழமையிலும் காசு போட்டான், ஏனென்றால் சாப்பாடும் அதற்குள்தான். காசு போட்ட பிறகு சும்மா இருந்தால் யாராவது சொல்வார்கள்: "மச்சான், காசு போட்டனீ, பிறகேன் நட்டப்படுறாய்?" அன்போடுதான் சொன்னார்கள், அதில் சந்தேகமே இல்லை. குடிக்காதவன் அடுத்தவனின் பியருக்குக் காசு கட்டுகிறான் என்ற கணக்கு, குடிக்காமலிருப்பதை ஏமாளித்தனமாக்கிவிட்டது.

பொருளியலில் இதற்கு நல்ல சான்று உண்டு. 2004இல் யூரி நீஸியும் கூட்டாளிகளும் வெளியிட்ட பரிசோதனையில், இஸ்ரேலில் ஒரு உணவகத்தில், பில்லை எல்லோரும் சமமாகப் பிரித்துக் கட்டவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் தனித்தனியாகக் கட்டியவர்களைவிட அதிக விலைக்குச் சாப்பாடு எடுத்தார்கள். அது சாப்பாட்டு மேசை. வெள்ளவத்தையில் பத்திரிகைத் தாள் விரித்த தரை. கணக்கு ஒன்றேதான்.

நண்பர்களின் செல்வாக்கு மூன்று வழியில் வருகிறது என்று 2001இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஆய்வுகளைத் தொகுத்த பிரையன் போர்சாரியும் கேட் கேரியும் எழுதினார்கள்: நேரே நீட்டுவது, பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்வது, எல்லோரும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது. பெற்றோர் பயப்படுவது முதலாவதற்கு, 'சேரக்கூடாத சேர்க்கை' என்று. இந்த அறையில் அதுதான் மிகக் குறைவு. ஒருவரும் வற்புறுத்தவில்லை.

இரண்டாவதைத் தம்பியே கண்டுபிடித்தான். ஒரு வெள்ளி இரவைப் பார்த்து எழுதி வா என்று நான் கேட்டிருந்தேன். கைபேசியில் நேரத்தோடு குறித்து வந்தான். அதில் சில வரிகளை அவன் அனுமதியோடு தருகிறேன்:

"7.35 கொத்து பார்சல் பிரிச்சாச்சு. எல்லாரும் ஒரே சிரிப்பு. 7.50 ஒருத்தன் லெக்சரர் சேரைப் போல நடிச்சுக் காட்டினான், வயிறு வலிச்சுது. 8.10 முதல் கிளாஸ். 8.25 ஒருத்தன் முடிச்சான். என் கிளாஸ்ல பாதி இருந்துச்சு. ஊத்துறவன் வந்தான், நான் மடக்குன்னு குடிச்சு நீட்டினேன். ஏன் குடிச்சேன்னு தெரியல. 9.30 யாரும் பேசல, போன் பாக்கிறாங்க."

இந்தக் குறிப்பை அவனே சத்தமாக வாசித்தான். 8.25க்கு வந்ததும் நிறுத்தினான். ஊற்ற வருகிறவர் நிற்கும்போது பாதிக் கிளாஸ் ஒரு மறுப்புப் போலத் தெரியும். அதனால் அதை வெறுமையாக்கத் தோன்றும். குடிக்கும் வேகத்தை நிர்ணயித்தவர் அந்த அறையில் ஆகக் கெதியாகக் குடித்தவர். பேரி கோடிலும் அலன் மார்லட்டும் 1975இலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள்: கூட இருப்பவர் அதிகமாகக் குடித்தால், அவர் யாரென்றே தெரியாவிட்டாலும், பக்கத்திலிருப்பவரின் அளவும் ஏறும். இன்னொன்றையும் தம்பி கவனித்தான். அன்றிரவின் பெரிய சிரிப்பெல்லாம் 8.10க்கு முன்னர். கொழும்புப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தியநாத் சமரசிங்க, மதுசாரத்தின் மேல் ஏற்றிவைத்த கவர்ச்சியைக் களைவதை முக்கிய வேலையாக வலியுறுத்தி வந்தவர். அந்தக் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதைத் தம்பியின் குறிப்பு நிமிடக் கணக்கோடு காட்டியது. சிரிப்பைக் கொண்டுவந்தவர்கள் ஐந்து பேர், பெயர் வாங்கியது போத்தல்.

அப்பாவின் கணக்கு

"பியர்தானே மிஸ்" என்பதைத் தம்பி அடிக்கடி சொன்னான். அவனுக்குச் சாராயம் அப்பாவின் குடி, தோட்டத்துக் குடி. பியர் கம்பஸ் குடி. போத்தல் சாராயத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு அவன் பியரோடு நின்றான். அப்படி நின்றதாலேயே தான் அப்பா போல ஆகவில்லை என்று நம்பினான். அவனுடைய பயமும் பெருமையும் இந்த ஒரு கோட்டில்தான் நின்றன.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். ஸ்ட்ரோங் பியரில் 8.8 வீதம் மதுசாரம். பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். ஆக 55 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். அதை 0.79ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 43 கிராம். சாராயம் 33.5 வீதம் என்று வைத்தால், 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் 60 மில்லிலீற்றர், அதாவது ஏறக்குறைய 48 கிராம். தம்பி வெள்ளிக்கிழமைகளில் எடுத்தது இரண்டு பெரிய போத்தல். 86 கிராம். அப்பா சம்பள நாளில் எடுப்பது வழக்கமாகக் கால் போத்தல், மோசமான மாதங்களில் அரை.

தம்பி பேனையை வைத்துவிட்டான். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அப்பா கோட்டைல நின்னுகிட்டே இத சொல்லிட்டாரு மிஸ்."

ஐந்து துண்டுகள்

மூன்றாவது வழி, 'எல்லோரும் இப்படித்தான்'. இதைத்தான் நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 1986இல் வெஸ்லி பெர்க்கின்ஸும் அலன் பெர்க்கோவிட்ஸும் ஒரு அமெரிக்கக் கல்லூரியில் கேட்டுப் பார்த்தபோது, மாணவர்கள் சக மாணவர்களை உண்மையில் இருந்ததைவிடக் குடியில் தாராளமானவர்களாக மதிப்பிட்டார்கள். 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் கண்டது இன்னும் கவலைக்குரியது. ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் சங்கடம். மற்றவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தவணை முடிவதற்குள் ஆண் மாணவர்களின் சொந்த எண்ணமே அந்தப் பொய்யான பொதுக்கருத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. நடிப்பு நாளடைவில் இயல்பாகிவிடும். இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் காலம் தாழ்த்தக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

தம்பியிடம் அவனுடைய மதிப்பீட்டைக் கேட்டேன். இலங்கையில் ஆண்களில் எத்தனை பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்திருப்பார்கள்? "எண்பது வீதம்?" என்றான். 2015ஆம் ஆண்டு தேசிய அளவில் நடந்த ஸ்டெப்ஸ் சுகாதார ஆய்வில் அது ஏறத்தாழ 35 வீதம். பெண்களில் ஒரு வீதமும் இல்லை. தம்பி நம்பவில்லை. "அது ஊர் ஒலகம் மிஸ். எங்க ரூம் வேற." நியாயமான பதில். ஹார்வர்டில் ஹென்றி வெக்ஸ்லர் குழுவினர் 2003இல் பார்த்தபோது, 'பெரும்பாலான மாணவர் அளவோடுதான் குடிக்கிறார்கள்' என்று போஸ்டர் ஒட்டிய கல்லூரிகளில் குடி குறைந்திருக்கவில்லை. தூரத்திலிருக்கும் சராசரி மாணவனின் கதை ஒருவனை அசைக்காது. பாயில் பக்கத்தில் படுப்பவனின் கதைதான் அசைக்கும்.

மற்ற நால்வரையும் கூட்டிவரலாமா என்று கேட்டது தம்பி. நான் தயங்கினேன். ஒருவனுடைய சிகிச்சைக்குள் நால்வரை இழுப்பது சரிதானா என்று என் மேற்பார்வையாளரிடம் கலந்துபேசினேன். பிறகு, குடியைப் பற்றி ஒரு உரையாடல், விருப்பமில்லாதவர் வரத்தேவையில்லை, எவருடைய சொந்த விடயமும் கேட்கப்படாது என்று சொல்லி அழைத்தோம். நால்வருமே வந்தார்கள். அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் என் சிறிய அறையில் கதிரை போதவில்லை. இருவர் நிலத்தில் இருந்தார்கள்.

ஒரே அளவில் வெட்டிய தாள் துண்டுகளையும் ஒரே மாதிரிப் பேனைகளையும் கொடுத்தேன். பெயர் வேண்டாம், இரண்டு இலக்கங்கள் மட்டும். ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றால் வெள்ளிக்கிழமை எத்தனை கிளாஸ் குடிக்க விருப்பம்? மற்ற நால்வரும் சராசரியாக எத்தனை விரும்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மற்றவர்களைப் பற்றி எழுதியவை: 5, 5, 6, 4, 5. தம் சொந்த விருப்பம்: 0, 1, 2, 2, 5.

வாசித்து முடித்ததும் அறையில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி மட்டும். பிறகு மட்டக்களப்புப் பிள்ளை சிரிக்கத் தொடங்கினான், எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள், யார் அந்தப் பூச்சியம் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோருடைய கண்ணும் தம்பியிடம் போனது. தம்பி எழுதியது 1. அதை அவன் என்னிடம் பிறகு சொன்னான்.

பூச்சியம் எழுதியவர் இரண்டு நாள் கழித்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் ஊற்றுகிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "எனக்கு அந்த மணமே பிடிக்கிறேல்லை, மிஸ். அதுதான் நான் ஊத்துறனான். ஊத்துறவன்ர கிளாஸை ஒருத்தரும் பாக்கமாட்டினம்." தம்பியை 8.25க்கு மடக்கென்று குடிக்கவைத்த கை, தான் குடிக்காமல் தப்புவதற்காகப் போத்தலைப் பிடித்திருந்த கை. ஒன்றரை வருடம் இருவரும் ஒரே தரையில் இருந்து, மற்றவருக்குத்தான் குடி விருப்பம் என்று நினைத்திருக்கிறார்கள். மறுநாள் அவர் தம்பியிடம் தானே சொன்னார். இதை எழுதவும் அவரே சம்மதம் தந்தார்.

சொலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை வைத்துச் செய்த பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். எல்லோரும் ஒருமித்துப் பிழையான விடையைச் சொன்னால், தன் கண்ணால் சரியைக் காண்பவரும் மூன்றில் ஒரு தடவை அளவுக்குப் பிழையையே சொன்னார். சரியாகச் சொல்லும் ஒரேயொரு துணை கூட இருந்தபோது அது ஏறத்தாழ ஐந்து வீதத்துக்கு இறங்கியது. கூட்டத்தை மாற்றத் தேவையில்லை, ஒரு துணை போதும். தம்பிக்கு அந்தத் துணை முதல் நாளிலிருந்தே அறைக்குள் இருந்தது. அது போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் கண்ணில் படவில்லை.

மாறியதும் மாறாததும்

நான் அவர்களுக்கு விதி எதுவும் போடவில்லை. அவர்களே இரண்டு மாற்றம் செய்தார்கள். சாப்பாட்டுக் காசு வேறு, ஆளுக்கு 800 ரூபா. குடிக்க விரும்புகிறவர் தன் காசில் தனக்கு வாங்குவது. இரண்டாவது, ஒருவர் மற்றவருக்கு ஊற்றுவதில்லை. முதல் மாதத்திலேயே அறைக்கு வரும் பெரிய போத்தல்கள் மூன்றில் ஒன்றுக்கும் குறைவாகின. வெள்ளிக்கிழமை நிற்கவில்லை. கொத்தும் நடிப்பும் சிரிப்பும் அப்படியே.

ஐந்து எழுதிய பிள்ளை வேறு கதை. அவருக்கு அறையின் மாற்றத்தால் எந்த நன்மையும் இல்லை. அவர் மற்றவர்களுக்காகக் குடிக்கவில்லை. தனியாகவும் குடித்தார், காலையிலும் சில நாள் குடித்திருந்தார். அவரை உளமருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு தடவை போனார், பிறகு நிறுத்தினார், இப்போது மீண்டும் போகிறார். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டுக்கு மாறிவிட்டார். அந்தத் துண்டில் அவர் உண்மையை எழுதியதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஐந்து பேரில் நால்வரின் குடி அறையினுடையது, ஒருவருடையது அவருடையது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்தும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. 'பெடியள் குடிக்கிறாங்கள்' என்று மொத்தமாகச் சொல்லும்போது இவர் போன்றவர்தான் முதலில் மறைந்துபோகிறார்.

தம்பியைப் பொறுத்தவரை: வந்தபோது 28 நாளில் குடித்த நாட்கள் ஒன்பது. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு, அதிகபட்சம் ஒரு போத்தல். ஆனால் இடையில் பெட்ச் ட்ரிப் ஒன்று நிலாவெளிக்குப் போனது. பஸ்ஸில் நாற்பது பேர், காசு மொத்தமாகச் சேர்த்தார்கள், ஊற்றுவதற்குச் சீனியர்கள். இரண்டு இரவும் தம்பி பழையபடி குடித்தான். திரும்பி வந்து, "நான் மாறல மிஸ், ரூம்தான் மாறிருக்கு" என்றான். அந்த வாக்கியத்தை நான் மறுக்கவில்லை. அறையில் கற்றுக்கொண்ட குடியை அறையை மாற்றிக் குறைத்தோம். அந்தக் கதவுக்கு வெளியே அவனிடம் இருந்தது ஒரு தாள் கணக்கும் ஒரு நண்பனும் மட்டும்தான். ட்ரிப்பில் அந்த நண்பன் வேறு பஸ்ஸில் இருந்தார். அதன் பிறகு நான்கு அமர்வுகள் இதற்கென்றே செலவழித்தோம்: காசு சேர்ப்பவரிடம் முன்கூட்டியே என்ன சொல்வது, கிளாஸைக் கையில் வைத்திருக்காமல் எங்கே வைப்பது, யாருக்குப் பக்கத்தில் இருப்பது. சின்னச் சின்ன விடயங்கள்தான். அமர்வில் எழுந்து நின்று நடித்தே பார்த்தோம். ஒரு தடவை நானே சீனியர் அண்ணாவாகி ஊற்ற வந்தேன். தம்பி கிளாஸின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "போதும்ணே" என்றான். அந்த "ணே" அவனுடைய ஊர்ப் பேச்சில் வந்தது. முதல் வருடத்தில் மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்த அதே பேச்சு. பயிற்சியில் அவன் யாழ்ப்பாணத் தமிழுக்கு மாறாமல் பேசியது அன்றுதான் முதல் தடவை.

அப்பா சித்திரை வருடப்பிறப்புக்குத் தம்பியோடு பேசினாராம். அப்பா இன்னும் குடிக்கிறார். கால் போத்தலையும் பியர்ப் போத்தலையும் கணக்குப் போட்ட அந்தத் தாளைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் போன பிள்ளையின் இடத்துக்கு அறையில் ஒரு முதல் வருடப் பிள்ளை வந்தான், தலவாக்கலையிலிருந்து. முதல் வெள்ளிக்கிழமை ஒருவரும் கேட்காமலேயே 2,000 ரூபாவை எடுத்து நீட்டினான். பெட்ச்சில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பி அதில் 800 எடுத்தான். மிச்சம் 1,200ஐ அவன் கையில் திருப்பி வைத்தான். அந்தப் பிள்ளை புரியாமல் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "மிச்சத்துக்கு என்னாண்ணே?" என்று கேட்டானாம்.

"மிச்சம் ஒன்னோடது" என்றான் தம்பி.